அறுபத்தொன்றாம் மரம்

முதலில் கேட்டது கடப்பாரைச் சத்தம்தான். ணங், ணங் என்று, கண்ணுக்கு எதுவும் புலப்படாத பங்குனி மாச விடிகாலையில், ஏரிக்கரைத் தோப்புப் பக்கமிருந்து அது வந்தபோது சின்னேரிக்கொட்டாய் என்ற எங்கள் ஊரில் பால் கறந்துகொண்டிருந்தவர்கள் கையை நிறுத்தினார்கள், மாடுகள் காதைத் திருப்பின, டீக்கடைக் காவேரி பாய்லருக்குக் கரி போட்ட கையைத் துடைத்துக்கொண்டு, "யாருக்கோ குழி வெட்டறாங்க" என்று ஆளில்லாத பெஞ்சைப் பார்த்துச் சொன்னாள். வெளிச்சம் வந்து போய்ப் பார்த்தால் குழிதான், ஆனால் ஆள் புதைக்கிற குழியில்லை. ஒவ்வொரு மாமரத்தையும் சுற்றி, தூரிலிருந்து இரண்டு முழம் தள்ளி, வட்டமாகப் பத்துப் பத்துச் சின்னக் குழிகள். இருநூற்றுப் பன்னிரண்டு மரங்களுக்கும் அப்படி. எண்ணெய் டின்களில் பால் மாதிரி வெளுத்த ஒரு மருந்து வந்து இறங்கியிருந்தது.

எங்கள் பக்கத்து மாங்காய்க்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. எல்லாம் சேர்ந்தாற்போல வைகாசியில் பழுக்கும். ஒரு தோப்பு பழுத்தால் அடுத்த தோப்புக்குப் பொறுக்காது, அதுவும் பழுக்கும், அப்படியே மலையடிவாரம் வரைக்கும் பழுத்துக்கொண்டே போய், ரோட்டோரம் குவிந்து, லாரி வாடகைக்குக்கூடக் காணாமல், கடைசியில் மாடு தின்று, மாடும் சலித்துப்போய் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். அதனால்தான் அந்த வருஷம் ஏரிக்கரைத் தோப்பைக் குத்தகைக்கு எடுத்த சஞ்சீவன், காயைக் காயாகவே நிறுத்திவைக்கிற மருந்தைக் கொண்டுவந்தார். நல்ல மனுஷர். சத்தம் போட்டுப் பேசமாட்டார். கூலிக்கு வந்தவர்களைக் கூப்பிட்டு வைத்து, கையில் ஒரு சொம்பைத் தூக்கிக் காட்டி, "மரத்துக்கு ஒரு சொம்பு, பக்கெட் தண்ணியில கலந்து பத்துக் குழிக்கும் பிரிச்சு ஊத்தணும். இது விஷமில்ல. மரத்துக்கு ஒரு சேதி, அவ்வளவுதான். இப்ப வேணாம், நான் சொல்றப்போன்னு ஒரு சேதி. காய் உதிராது, வெம்பாது, அப்படியே நிக்கும்" என்று சொன்னார்.

நிக்கும் என்ற அந்தச் சொல்லைத் திம்மராயன் மட்டும் இரண்டு தடவை கேட்டுத் தெரிந்துகொண்டான். அவன்தான் தோப்புக்கு ராக்காவல். ராத்திரியெல்லாம் வௌவால் ஓட்டிவிட்டு, பகலிலும் தூக்கம் பிடிக்காமல் கூலி வேலைக்கு நிற்கிற ஆள். அவன் பெண்டாட்டி சாலம்மாளுக்கு அப்போது ஏழாம் மாசம். கல்யாணமாகிப் பதினான்கு வருஷத்தில் மூன்று தடவை தங்கி, மூன்று தடவையும் நாலாம் மாசத்துக்குள் கலைந்துபோன வயிறு அது. இந்தத் தடவை நாலைத் தாண்டியதும் ஊரே மூச்சை அடக்கிக்கொண்டது. நிக்கணும், இந்தத் தடவையாவது நிக்கணும் என்று மாரியம்மன் கோயிலில் விளக்குப் போட்டவர்கள் எத்தனையோ பேர்.

அதோடு எங்கள் கொட்டாயில் ஒரு வழக்கமும் இருந்தது. ரொம்ப நாள் கழித்துப் பிள்ளை தங்கினவள், அந்த வருஷம் முதலில் பூவெடுத்த மாமரத்தைத் தேடிப் போய், அதன் இடுப்பில் மஞ்சள் கயிற்றை ஒன்பது சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டு, "நீயும் சுமக்கற, நானும் சுமக்கறேன், உனக்கு எப்பவோ எனக்கும் அப்பவே" என்று மூன்று முறை சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வருவாள். தை மாசம் சாலம்மாள் கயிறு கட்டிய மரம் கிணற்றை ஒட்டி நிற்கிற செந்தூரா. சஞ்சீவன் ஆட்கள் சுண்ணாம்பில் எண் போட்டுக்கொண்டு போனபோது அதற்கு அறுபத்தொன்று என்று விழுந்தது.

மருந்து ஊற்றப்போனவர்கள் யாருக்கும் அந்தக் கயிறு ஒரு பொருட்டாகப் படவில்லை. வேலை வேகத்தில் யார் பார்க்கிறார்கள். திம்மராயன் பார்த்தான். பார்த்து, சுற்றுமுற்றும் யாருமில்லை என்று தெரிந்துகொண்டு, அறுபத்தொன்றாம் மரத்துக்கு மட்டும் ஒரு சொம்புக்குப் பதிலாக இரண்டு சொம்பு கலந்து, பத்துக் குழிக்கும் பிரித்து ஊற்றி, மண்ணைத் தள்ளி மூடி, மேலே பாதத்தால் அழுத்தியும் விட்டான்.

வைகாசி வந்தது. எல்லாத் தோப்பும் பழுத்தது. ஏரிக்கரைத் தோப்பு பழுக்கவில்லை. காய் பச்சையாக, கல்லாக, காற்றடித்தால் ஒன்றோடொன்று மோதி கட்டையில் கட்டை படுகிற மாதிரி சத்தம் போட்டுக்கொண்டு நின்றது. சஞ்சீவன் தினமும் ஒரு காயைப் பறித்து, தண்ணீர் நிரப்பிய பக்கெட்டில் போட்டுப் பார்ப்பார். முற்றின காய் அடியில் போய் உட்காரும், முற்றாத காய் மிதக்கும். மிதந்தது. அவருக்குச் சந்தோஷம். ரோட்டோரத்தில் மற்றவர்கள் கொட்டிவிட்டுப் போன பழத்தின் வாடையில் மூக்கைப் பொத்திக்கொண்டு தோப்புக்குள் வந்தால், உள்ளே வாடையே இல்லை, ஒரு ஈ இல்லை.

ஆனியில் சாலம்மாளுக்கு நாள் வந்தது, நாள் போனது. வலி வரவில்லை. கிராமத்துச் செவிலி ஜெபராணி, நெல்லைப் பக்கத்திலிருந்து மாற்றலாகி வந்த சின்னப் பெண், ஆட்டோ பிடித்து டவுன் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். ஸ்கேன் எடுத்த டாக்டரம்மா, பிள்ளை நன்றாக இருக்கிறது, முப்பத்துநாலு வாரம், நீங்கள்தான் தேதியைத் தப்பாகக் கணக்கு வைத்துவிட்டீர்கள் என்றார். அடுத்த மாசம் போனார்கள். முப்பத்துநாலு வாரம். அதற்கடுத்த மாசமும் முப்பத்துநாலு வாரம். கிழித்து எடுத்துவிடுங்கள் என்று திம்மராயன் கேட்டதற்கு, "துடிப்பு நல்லா இருக்கு, தண்ணி நல்லா இருக்கு, ஆனா நுரையீரல் இன்னும் மூச்சு வாங்கற பக்குவத்துக்கு வரலைங்க. உள்ள நல்லா இருக்கிறத வெளிய எடுத்து நான் எங்க வைக்கிறது" என்று சொன்ன டாக்டரம்மா, எழுதிய சீட்டைக் கிழித்துப்போட்டார்.

பஸ்ஸில் திரும்பி வரும்போதே எல்லோருக்கும் காரணம் தெரிந்துவிட்டது. தெரிந்துவிட்டது என்றால் யாரும் கண்டுபிடித்துச் சொல்லவில்லை, பஸ் ஏரிக்கரை வளைவில் திரும்பியபோது ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் தோப்பைப் பார்த்தார்கள், பிறகு சாலம்மாளின் வயிற்றைப் பார்த்தார்கள், அவ்வளவுதான்.

"கயித்த அறுத்துட்டா?" என்றாள் ஒருத்தி.

"அறுத்துப் பாரு," என்றாள் காவேரி. "முத்தாத காயோட காம்ப அறுத்தா என்ன ஆவும்? பால் வடியும், வெம்பிப் போவும். நாலாவதையும் மண்ணுல போடச் சொல்றியா?"

அறுக்க வழியும் இருக்கவில்லை. பட்டை வளர்ந்து கயிற்றை விழுங்கியிருந்தது. முடிச்சு மட்டும் வெளியே, தொப்புள் மாதிரி.

ஆவணி மாசம் ஒரு செவ்வாய்க்கிழமை ஏழெட்டுப் பெண்கள் சேர்ந்து, திம்மராயனையும் முன்னால் தள்ளிக்கொண்டு, தோப்புக் கொட்டகைக்குப் போனார்கள். சஞ்சீவன் எழுந்து நாற்காலி எடுத்துப் போட்டார். மோர் வரவழைத்தார். எல்லாவற்றையும் கேட்டார், நம்பவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. மாங்காயோடு புழங்குகிறவர் அவர், நம்பாமல் எங்கே போவார்.

"எனக்கும் ரெண்டு பொண்ணுங்க இருக்குதுக்கா," என்றார் காவேரியைப் பார்த்து. "பழுக்க விடற தேதி எங்கிட்ட இருந்தா இந்நேரம் குடுத்திருக்க மாட்டனா?"

"அப்ப யாருகிட்ட இருக்குது? சொல்லு, அங்க போறோம்."

"பெங்களூர் மண்டியில."

"மண்டியில யாரு? பேரச் சொல்லு."

"பேரெல்லாம் இல்லக்கா. தெனம் காலைல நாலு மணிக்கு வெல வரும். அதுவா வரும்."

"அதுவா வருமா? மழையா அது, அதுவா வர?"

சஞ்சீவன் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "தீபாவளி சமயத்துல ஒரு எகிறு எகிறும். அதுக்கப்பறம் ஒரு நாள்கூட வெக்க மாட்டேன், சத்தியமா. மொதல்ல அவுத்துவிடற மருந்த அறுபத்தொண்ணுக்குத்தான் அடிப்பேன்."

"இப்பவே அந்த ஒரு மரத்துக்கு மட்டும் அடிச்சா என்னா மொதலாளி?" என்று திம்மராயன் கேட்டான். கேட்கும்போது அவன் கை வேட்டி நுனியை முறுக்கிக்கொண்டிருந்தது.

"ஒண்ணு பழுத்தா அந்த வாடைக்கே பக்கத்து மரம் பழுக்க ஆரம்பிக்கும் திம்மண்ணா. அப்பறம் அதுக்குப் பக்கத்து மரம். உனக்குத் தெரியாததா."

தெரியாதது இல்லை. எல்லோருக்கும் தெரியும். மோரைக் குடித்துவிட்டுத் திரும்பி வந்தார்கள். மறுநாள் சஞ்சீவன் ஒரு கூடை மாதுளையும் ராகி மாவும் கொடுத்தனுப்பினார்.

அதிலிருந்து ஊர் விலையைப் பார்க்கப் பழகியது. ராக்காவலில் விழித்திருக்கிற திம்மராயனின் போனுக்கு நாலு மணிக்கு விலை வரும், அவன் வந்து காவேரியிடம் சொல்லுவான், அவள் டீக்கடை மரப்பலகையில் சாக்பீஸால் எழுதுவாள், அதற்குக் கீழே சாலம்மா என்றும் அதற்குப் பக்கத்தில் இன்னும் இல்லை என்றும் எழுதுவாள், டீ குடிக்க வருகிறவர்கள் இரண்டையும் சேர்த்துப் படித்துவிட்டு உட்காருவார்கள். சொந்தமாக ஒரு மாங்கன்று இல்லாதவர்கள் எல்லாம் மாங்காய் விலை ஏறவேண்டும் என்று வேண்டிக்கொண்டார்கள். வடக்கே எங்கோ புயலில் காயெல்லாம் கொட்டிவிட்டது என்று செய்தி வந்த அன்று, கொட்டினது யார் வீட்டுச் சோறு என்று நினைக்காமல், காவேரி எல்லோருக்கும் சர்க்கரை தூக்கலாகப் போட்டாள்.

வளைகாப்பில் போட்ட கண்ணாடி வளையல்களைப் பிரசவத்தில்தான் கழற்ற வேண்டும். சாலம்மாளின் வளையல்கள் ஆவணியில் உடைந்து தீர்ந்தன. வெறுங்கையோடு விடக்கூடாது என்று இரண்டாம் வளைகாப்பு நடத்தினார்கள், அதே ஐந்து வகைச் சோறு, அதே பாட்டு, முதல் தடவை வராமல் கோபித்துக்கொண்டிருந்த நாத்தனார்கூட வந்தாள். அவளுக்குப் பின்னால் வயிறு தள்ளினவர்கள் பெற்று, அந்தப் பிள்ளைகள் குப்புற விழுந்து, தலையைத் தூக்கி, அவள் கூலிக்குப் புளி தட்டிப் போட்ட கொட்டைக்குக் கையை நீட்டின. நாலாம் நம்பர் பஸ்ஸில் டிரைவருக்குப் பின்னால் இருக்கிற சீட்டில் அவள் இல்லாவிட்டாலும் யாரும் உட்காருவதில்லை. ஜெபராணியின் ரிஜிஸ்தரில் எதிர்பார்க்கும் தேதி என்ற கட்டத்தில் அடித்து அடித்து எழுதிப் பேப்பர் ஓட்டையாகிவிட, அவள் பின்பக்கம் ஒரு துண்டுக் காகிதம் ஒட்டி அதன்மேல் எழுதினாள், அதுவும் ஓட்டையானது.

"மேல இருந்து கேக்கறாங்க சாலக்கா. இது என்ன கேஸு, எத்தனாவது மாசம், முடிச்சு அனுப்புங்குறாங்க. நான் என்ன எழுத?"

"பாதி மாசம்னு எழுது," என்றாள் சாலம்மாள், புளியைத் தட்டிக்கொண்டே. "பாதி என்னோட மாசம், பாதி மாங்காயோட மாசம்."

அவள் அப்படித்தான். வாய் குறையவில்லை. உள்ளே இருப்பதோடு நாள் முழுக்கப் பேசுவாள். உள்ளயே இரு, வெளிய வெயிலு. இன்னிக்கு வெல எறங்கிப்போச்சாம், நீ ஒரு தூக்கம் போடு. ஆனால் அவள் நகம் வளரவில்லை என்பதையும், தலைமுடி இடுப்பைத் தாண்டி ஒரு விரற்கடை நீளவில்லை என்பதையும், தோப்பு மரங்கள் ஆறு மாசமாக ஒரு கொழுந்து விடாமல் இலை சின்னதாகி, தடித்து, கணுக்கள் நெருங்கிப்போய் நிற்பதையும் பார்த்தவன் திம்மராயன் ஒருவன்தான். ராத்திரி தோப்பிலும் பகல் வீட்டிலும் மாறி மாறி இருக்கிறவனுக்குத்தானே இரண்டும் ஒரே மாதிரி இருப்பது தெரியும்.

ஐப்பசி இரண்டாம் வாரத்தில் விலை எகிறியது. சஞ்சீவன் சொன்ன வார்த்தையைக் காப்பாற்றினார். ஸ்பிரேயர் வண்டி வந்ததும் முதலில் அறுபத்தொன்றாம் மரத்துக்குத்தான் அடித்தார், தானே துப்பாக்கியைப் பிடித்து, கிளை கிளையாக, இலை சொட்டச் சொட்ட. பிறகு மற்ற இருநூற்றுப் பதினொன்றுக்கும். "ஒம்பது நாள்" என்றார்.

அந்த ஒன்பது நாளும் கொட்டாயில் வேலை என்று ஒன்று நடக்கவில்லை. மேற்குத் தெரு ஆட்டோவைச் சாலம்மாள் வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்தி, டிரைவர் அதிலேயே தூங்கினான். பழைய வேட்டிகளை வேகவைத்து உலர்த்தி மடித்து வைத்தார்கள். ஜெபராணி இரண்டு நாள் லீவை ரத்து செய்தாள். நாலாம் நாள் தோப்பின் கிழக்கு ஓரத்தில் காம்படியில் ஒரு மஞ்சள் விழுந்தது, ஐந்தாம் நாள் கன்னத்தில் சிவப்பு ஏறியது, ஆறாம் நாள் ராத்திரி வாடை கிளம்பி ஊருக்குள் வந்து, தூங்குகிறவர்களின் வாயில் எச்சில் ஊறவைத்தது. ஏழாம் நாள் சாலம்மாள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள், எல்லோரும் எழுந்தார்கள், அது வாய்வு என்று தெரிந்ததும் எல்லோரும் உட்கார்ந்தார்கள். எட்டாம் நாள் அறுபதாம் மரம் சிவந்தது, அறுபத்திரண்டாம் மரம் சிவந்தது. ஒன்பதாம் நாள் விடிந்தபோது தோப்பு முழுக்கத் தீப்பிடித்த மாதிரி சிவந்து கிடக்க, கிணற்றோரத்தில் ஒரே ஒரு மரம் பச்சையாக நின்றது.

சஞ்சீவன் அதிலிருந்து ஒரு காயைப் பறித்துப் பக்கெட்டில் போட்டார். மிதந்தது. இன்னொன்று. மிதந்தது. பறிக்க வந்த ஆட்கள் கொக்கியோடு காத்துக்கொண்டிருந்தார்கள்.

"பறிச்சிரலாமா சார்? அறையில வெச்சு கேஸ் விட்டா மூணு நாள்ல கலரு வந்துரும்," என்றான் மேஸ்திரி.

சாலம்மாள் மரத்தில் முதுகைச் சாய்த்துக்கொண்டு நின்றாள். அவள் பேசாமல் இருந்து நாங்கள் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

சஞ்சீவன் பக்கெட்டையே பார்த்தார். "மெதக்கற காய அறையில வெச்சா சுருங்கும். பழுக்காது," என்றார் மேஸ்திரியிடம். அப்புறம் திம்மராயனிடம், "இந்த ஒரு மரம் உனக்கே திம்மண்ணா. எனக்கு வேணாம். ஏன் இப்படி நிக்குதுன்னு எனக்குப் புரியல. எல்லாத்துக்கும் ஒரே அளவுதான் ஊத்துனோம்."

ஒரே அளவுதான் ஊற்றினோம் என்ற அந்தச் சொல் திம்மராயனின் காதில் விழுந்து, அங்கேயே தங்கிவிட்டது. இரண்டு நாளில் தோப்பு காலியானது. ஏழு லாரி போயிற்று. சஞ்சீவனின் குத்தகை முடிந்தது, கொட்டகையைப் பிரித்தார்கள், கிணற்று மோட்டாரைக் கழற்றி ஏற்றிக்கொண்டார்கள். வண்டியில் ஏறும் முன் சஞ்சீவன் சாலம்மாளைப் பார்த்துக் கும்பிட்டார். அவரைத் திட்டவேண்டும் என்று வந்தவர்கள்கூடக் கையைத் தூக்கிக் கும்பிட்டார்கள். அவர் இருந்தவரைக்கும் கேட்பதற்கு ஒரு ஆளாவது இருந்தார்.

அன்று மத்தியானம் திம்மராயன் சோறு வேண்டாம் என்று தட்டைத் தள்ளிவிட்டுச் சொன்னான். "நான் ரெண்டு சொம்பு ஊத்திட்டேன் சாலா."

"என்னா?"

"நம்ம மரத்துக்கு. நிக்கும்னு சொன்னாரு. உதிராதுன்னாரு. மூணு தபா போச்சே, இதாவது கெட்டியா நிக்கட்டும்னு… ஒண்ணுக்கு ரெண்டா ஊத்துனேன்."

அடுப்பில் குழம்பு பொங்கி வழிந்து நெருப்பு அணைந்தது, சாலம்மாள் அதைக்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. பிறகு அவளுக்குச் சிரிப்பு வந்தது, வயிறு குலுங்க, வயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வருகிறவரைக்கும், அது எங்கே சிரிப்பிலிருந்து வேறொன்றாக மாறியது என்று அவனுக்குத் தெரியாதபடி.

"பதினாலு வருசமா ஒரு முழம் பூ வாங்கினு வராத மனுசன்," என்றாள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "குடுக்கறப்போ ரெண்டா குடுத்தியே மாமா."

அவன் மறுபடியும் சொல்ல வாயெடுத்தான். "சாப்புடு," என்று தட்டை இழுத்து அவன் முன்னால் வைத்தாள். "யாருகிட்டயும் சொல்லாத. காவேரி பலகையில எழுதிடுவா."

எழுதவில்லை, ஆனால் தெரிந்துவிட்டது. சின்னேரிக்கொட்டாயில் ஒரு சொல் வெளியே வராமல் இருந்ததாகச் சரித்திரமில்லை. திம்மராயனை ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆண்கள் எல்லோரும் மண்வெட்டியோடு வந்து, அறுபத்தொன்றாம் மரத்தைச் சுற்றி வேரில் அடிபடாமல் மண்ணைச் சுரண்டி எடுத்து, ஏரி வண்டலைக் கொண்டுவந்து நிரப்பினார்கள். வேளாண்மை ஆபீஸிலிருந்து வந்தவர் ஒரு பிடி மண்ணைக் கசக்கி மோந்து பார்த்துவிட்டு, இது ரொம்ப ஆழத்துக்கு இறங்கியிருக்கும், சீக்கிரம் கரையாது, வருஷக் கணக்கில்கூட மண்ணில் நிற்கும், செய்கிறதென்றால் தண்ணீர் விட்டு விட்டுக் கீழே இறக்க வேண்டியதுதான் என்றார். எவ்வளவு தண்ணீர் என்று கேட்டதற்கு, அதை எப்படிச் சொல்லமுடியும் என்று கேட்டார்.

மோட்டார் இல்லாத கிணற்றில் திம்மராயன் ராட்டினம் மாட்டினான். ஒரு நாளைக்கு நூறு குடம். வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை சாலம்மாள் ஒரு காயைப் பறித்துப் பக்கெட்டில் போட்டுப் பார்ப்பாள். மிதக்கும். அந்தத் தண்ணீரையும் வேரில் ஊற்றிவிட்டுப் போவாள். முதலில் வெள்ளிக்கிழமைகளில் கூட்டம் வந்தது. கார்த்திகையில் பத்துப் பேர். மார்கழியில் காவேரியும் ஜெபராணியும். தையில் மூன்றாம் வளைகாப்புக்கு நாத்தனார் வரவில்லை, வளையலை மட்டும் பஸ்ஸில் கொடுத்தனுப்பினாள். பலகையில் மாங்காய் விலைக்குப் பதில் வெங்காய விலை எழுதினார்கள், சாலம்மா என்ற பெயர் அதற்குக் கீழே கொஞ்ச நாள் இருந்து, ஒரு மழைச் சாரலில் அழிந்து, பிறகு எழுதப்படவில்லை. வேண்டுமென்று யாரும் விட்டுவிடவில்லை. ஏரிக்கு நடுவே ஒரு பாறை இருக்கிறது, மாரியம்மன் கோயில் மணிக்கு நாக்கு இல்லை, சாலம்மாளுக்கு வயிறு இருக்கிறது, அப்படி ஆகிவிட்டது. புதிதாகக் கல்யாணமாகி வந்த பெண் ஒருத்தி, "உங்களுக்கு எப்ப அக்கா?" என்று கேட்டபோது, பக்கத்திலிருந்தவர்கள் எல்லோரும் அந்தப் பெண்ணை என்னமோ புரியாத பாஷையில் பேசினவளைப் பார்க்கிற மாதிரி பார்த்தார்கள்.

மாசி போய்ப் பங்குனி வந்தது. மற்ற மரங்கள் அந்த வருஷம் பூக்கவே இல்லை. இழுத்துப் பிடித்து நிறுத்தி, ஒரே மூச்சில் பழுக்கவைத்ததில் அவை ஓய்ந்துபோயிருந்தன. புதுக் குத்தகைக்காரர்கள் வந்து பார்த்துவிட்டுத் தலையை ஆட்டிக்கொண்டு போனார்கள். அறுபத்தொன்று மட்டும், போன வருஷத்துக் காயோடு, கிளை வளைந்து நின்றது. ஜெபராணிக்கு மாற்றல் ஆர்டர் வந்தது. போகிற அன்று புது ரிஜிஸ்தரில் தானே கோடு போட்டு, முதல் பக்கத்தில் முதல் பெயராகச் சாலம்மாளை எழுதி, தேதிக் கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டு, அவள் வயிற்றில் காது வைத்துக் கேட்டாள்.

"நல்லா துடிக்குது அக்கா."

"துடிக்கும். அதுக்கு என்ன, சுகவாசி."

"பொறந்தா ஒரு போன் போடுவியளா?"

"காலைல நாலு மணிக்கு போடறேன். அதுவா வரும்."

ஜெபராணி சிரிக்க முயற்சி செய்து, முடியாமல், நாலாம் நம்பர் பஸ்ஸில் அந்தக் காலி சீட்டுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டே போனாள்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. வெயில் ஏறுவதற்கு முன்னால் சாலம்மாள் கிணற்றடிக்கு வந்தாள். திம்மராயன் எழுபத்தைந்தாவது குடத்தை இழுத்துக்கொண்டிருந்தான். ராட்டினம் கிறீச், கிறீச் என்றது. அவள் கைக்கு எட்டிய ஒரு காயைக் காம்போடு திருகி எடுத்தாள், புடவைத் தலைப்பால் துடைத்தாள், பக்கெட்டில் மெதுவாக விட்டாள்.

காய் உள்ளே போயிற்று. ஆனால் அடிக்குப் போகவில்லை. மேலே வரவும் இல்லை. தண்ணீருக்கு நடுவில், ஒரு ஜாண் ஆழத்தில், எதையும் தொடாமல் நின்றது.

"மாமா."

திம்மராயன் கயிற்றைத் தூணில் சுற்றிவிட்டு வந்து குனிந்தான். இரண்டு பேரும் பக்கெட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவன் ஒரு விரலால் காயை அழுத்தினான். கீழே போய், அதே இடத்துக்குத் திரும்பி வந்து நின்றது. தட்டிப் பார்த்தான், பக்கெட்டைத் திருப்பி வைத்துப் பார்த்தான். நடுவிலேயே நின்றது.

"இது மெதக்கறதா, முழுவறதா?" என்றாள் அவள்.

"தெரியலையே சாலா."

"மொதலாளிக்குப் போன் போட்டுக் கேளேன்."

"அந்த நம்பரு இல்ல இப்போ."

தோப்பில் வேறு யாரும் இல்லை. கேட்பதற்கு ஊரில் போய் ஆள் கூப்பிடலாம், வருவார்கள், வந்து பார்த்துவிட்டு அவர்களும் இப்படியே நிற்பார்கள். வெயில் மரத்தின் உச்சியிலிருந்து இறங்கிப் பக்கெட் விளிம்புக்கு வந்தது. காயின் நிழல் அடியில் விழுந்து, காயிலிருந்து பிரிந்து, தனியாகக் கிடந்தது. சாலம்மாள் வயிற்றின்மேல் கையை வைத்துக்கொண்டு, உள்ளே ஏதாவது வித்தியாசமாக அசைகிறதா என்று கேட்டுக்கொண்டிருந்தாள். வழக்கம்போல ஒரு உதை. நேற்றைய உதைதானா, புது உதையா, அதையும் சொல்வதற்கில்லை.

பிறகு அவள் காயை எடுத்து மடியில் கட்டிக்கொண்டு, பக்கெட்டைச் சாய்த்து அந்தத் தண்ணீரை மரத்தின் தூரில், கயிற்று முடிச்சுக்கு நேர் கீழே, மெதுவாக ஊற்றினாள். மண் குடிக்கிறவரைக்கும் நின்று பார்த்தாள்.

"இன்னும் எத்தினி கொடம்?"

"இருவத்தஞ்சு."

"இழு," என்றாள். அவன் கயிற்றைத் தூணிலிருந்து அவிழ்த்தான். அவள் வீட்டுக்குப் போய், நிழல் பார்த்துச் சாக்கை விரித்து, காலை நீட்டி உட்கார்ந்து, நேற்று மீதி வைத்த புளியைக் குவித்துக்கொண்டு, கட்டையை எடுத்துத் தட்ட ஆரம்பித்தாள்.